இடம்புரிக் கயிறு

மனித குலம் நம்பியிருக்கும் கணக்குகளில் பிசகாதது ஒன்றே ஒன்றுதான்: கோழிமுட்டை இருபத்தொரு நாளில் பொரியும். மழையைக் கணிப்பவர்கள் தவறுகிறார்கள். கொரியாவில் எங்கள் சாங்ஜூ ஊர்ப் பேருந்து நிலையத்தின் நேர அட்டவணையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முட்டை தவறாது. இந்தக் கருத்தை அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு, எங்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் கும்ஓக் சித்தியின் முன்னிலையில், ஒரு தெர்மாகோல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியிட்டேன்.

பெட்டி என் தயாரிப்பு. அதற்கு முந்தைய வாழ்க்கையில் அது கானாங்கெளுத்தி மீன் வந்த பெட்டி. உள்ளே ஒரு பல்பு, பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வெப்பமானி. இயந்திரவியல் மூன்றாமாண்டு படிக்கும் ஒருவன் கோழியின் வேலையை எடுத்துக்கொள்ள இது போதும். கோழிக்கு இத்தனையும் கிடையாது.

முட்டைகள் சித்தியுடையவை. ஆறு, நீல ஓடு. அதற்கு முந்தைய வாரம் ஒரு மரநாய் வலையைக் கடித்துக் கூட்டுக்குள் புகுந்து நான்கு பெட்டைகளையும் சேவலையும் முடித்துவிட்டது. சமையலறைக் கூடையில் அந்த வாரத்து முட்டைகள் ஆறு கிடந்தன. ஒன்பது வருடமாக அவர் வளர்த்த கோழிகளில் பூமியில் மீந்தது அவ்வளவுதான்.

"சந்தையில வேற குஞ்சு வாங்கிக்கலாமே, சித்தி," என்றார் கில்மோ அண்ணன். பட்டாளத்துக்குப் போய்வந்து படிப்பைத் தொடர்பவர். மொட்டைமாடி அறையில் என்னோடு குடியிருப்பவர். எந்த முட்டையைப் பார்த்தாலும் நூடுல்ஸ் ஞாபகம் வருகிறவர்.

"சந்தைக் கோழிக்கு என் குரல் தெரியுமா? நான் ஒரு சத்தம் குடுத்தா அந்த மலையிலேர்ந்து இறங்கி வருவான் என் சேவல். நீ சோத்துக்குக்கூட மூணு தடவ கூப்பிட்டாத்தான் வர்ற."

"நவம்பர் எட்டு," என்றேன் நான். "காலை பத்து மணி. குஞ்சுக்குத் தீனி வாங்கி வைங்க."

மறுநாள் கதவைத் திறந்தபோது என் கழுத்தில் வைக்கோல் உரசியது. வாசலுக்குக் குறுக்கே கயிறு. நடுவே மூன்று கரித்துண்டுகள், இரண்டு பைன் கொத்துகள். பிள்ளை பெற்ற வீட்டில் அந்தக் காலத்தில் இருபத்தொரு நாள் கட்டுவார்களே, வெளியாள் வரக்கூடாது என்று, அதே கயிறு. இப்போது பிள்ளை பெறும் வீட்டிலேயே யாரும் கட்டுவதில்லை.

"சித்தி, உள்ள ரெண்டு ஆம்பளைங்க இருக்கோம். ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"நல்லதா நினைப்பாங்க. இதுவரைக்கும் நினைச்சதில்ல."

"மிளகாய் கட்டலியே?"

"மிளகாய் ஆம்பளப் பிள்ளைக்கு. எனக்குப் பொட்டைங்க வேணும். சேவல் ஒண்ணு வந்தாப் போதும்."

"கயிறு ஏன் இடப்பக்கமா முறுக்கியிருக்கு?"

"வலப்பக்கம் முறுக்கினா அது நெல் மூட்டை கட்டுற கயிறு. கெட்டது வந்தா, 'அட, நம்ம கயிறு'ன்னு தாண்டி வந்துடும். இடம்புரின்னா குழம்பி நின்னுடும்."

"அப்போ கெட்டதுக்குக் கயிறு முறுக்குற நுணுக்கமெல்லாம் தெரியும்."

"உனக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும்."

எங்கள் கல்லூரி இதழில் எனக்கு மாதம் ஒரு பக்கம் உண்டு. அந்த மாதம் 'இடம்புரிக் கயிற்றின் தடுப்புத் திறன்: ஓர் ஆய்வு' என்று எழுதினேன். மரநாய் வலம்புரி வலையைக் கடித்ததா, இடம்புரி வலையைக் கடித்ததா என்ற கேள்வியோடு அதை முடித்திருந்தேன். நல்ல வரவேற்பு. அதே வாரத்தில் என் காலணிகள் நாற்றமடித்ததால் கயிற்றிலிருந்து இரண்டு கரித்துண்டுகளை அவிழ்த்து, இடது காலணிக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று எனப் போட்டேன். நாற்றம் போயிற்று. கரியால் நிரூபிக்கத்தக்க ஒரு பயனாவது விளைந்தது.

கயிற்றால் உண்மையில் தடுக்கப்பட்டவர் கில்மோ அண்ணன் மட்டுமே. அவருடைய பேராசிரியரின் மாமியார் இறந்துபோய், அண்ணன் துக்க வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பினார். மாடிப்படியில் சித்தி கல்லுப்பு டப்பாவோடு நின்று, துக்கத் தீட்டு போக அவர்மேல் உப்பை வாரி வீசினார்.

"ஐயோ, கண்ணுல பட்டுருச்சு சித்தி!"

"கண்ணுலயும்தான் தீட்டு ஒட்டும். மூணு நாள் கழிச்சு வா."

"என் படுக்கை உள்ள இருக்கு!"

"அதுக்குத் தீட்டு இல்ல. அது இருக்கட்டும்."

மூன்று நாள் அவர் மலையேற்றக் குழுவின் அறையில் கூடாரத் துணி போர்த்திப் படுத்தார். திரும்பி வந்து பெட்டியை வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

"முட்டைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லடா, சங்பியோ."

"முட்டை குறட்டை விடாதுண்ணே."

நான் அட்டவணைப்படி நடந்தேன். காலை, மதியம், மாலை என முட்டைகளைத் திருப்பினேன். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தினேன். வெப்பமானி ஒருநாளும் முப்பத்தேழரையை விட்டு இறங்கவில்லை. நாட்காட்டியில் அக்டோபர் பத்தொன்பதில் 1 என்று எழுதி, வரிசையாக எண் போட்டுக்கொண்டு வந்து, நவம்பர் எட்டில் 21 என்று எழுதி வட்டமிட்டிருந்தேன்.

எட்டாம் தேதி காலை சித்தி மாடிக்கு வந்தார். காயப்போடும் பெர்சிமன் பழங்களுக்குத் தோல் சீவிய கறை விரல்களில் அப்படியே இருந்தது. முறைப்படி இருபத்தொன்றாம் நாள் என்பதால் கத்தியால் கயிற்றை அறுத்தார். பிறப்புக்குச் செய்யும் கடற்பாசி சூப் ஒரு பானை கொண்டுவந்திருந்தார். மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. சூப் ஆறியது. கில்மோ அண்ணன் அதைக் குடித்தார்.

ஒன்பதாம் தேதியும் ஓசையில்லை. கைப்பேசி விளக்கை முட்டையின் அடியில் வைத்துப் பார்த்தேன். நீல ஓட்டில் வெளிச்சம் ஏறுவதில்லை. ஆற்றங்கரைக் கல்லைப் பிடித்ததுபோல இருந்தது.

பத்தாம் தேதி காலை நான் தீர்ப்பு வழங்கினேன்.

"கெடு முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, சித்தி. உள்ள ஒண்ணும் இல்ல. இன்னும் வச்சிருந்தா வெடிக்கும். அப்புறம் இந்த அறையில மனுஷன் இருக்க முடியாது."

"இப்பவும் முடியாது," என்றார் கில்மோ அண்ணன்.

"இன்னும் ஒருநாள் பார்க்கலாமே," என்றார் சித்தி.

"கணக்குன்னா கணக்கு. கோழி வேணா காத்திருக்கும், அதுக்கு வேற வேலை இல்ல."

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனுஷங்களா மாறணும்னு குகைக்குள்ள கரடியும் புலியும் போச்சு. கரடி இருபத்தொரு நாள் பூண்டத் தின்னுக்கிட்டுப் பொறுத்துக் கிடந்து மனுஷியாச்சு. புலி பாதியிலயே ஓடிருச்சு. நம்மெல்லாம் கரடி வம்சம்னு சொல்றாங்க. உன்ன மட்டும் யாரு பெத்தாங்களோ." பிறகு குரலை இறக்கி, "கீழ மரத்தடியில புதைச்சிரு. புதைக்கிறதுக்கு முன்னால வெதுவெதுன்னு தண்ணியில விட்டுப் பாரு. உசுரு இருந்தா ஆடும்," என்றார்.

"நீச்சல் தேர்வா?"

சித்தி படியிறங்கிப் போனார். அறுத்த கயிறு கதவருகே குப்பைப் பையில் கிடந்தது. வைக்கோல் எந்தக் குப்பையில் சேரும் என்று நகராட்சித் தாளில் இல்லாததால் அதை நான் இன்னும் வெளியே வைக்கவில்லை.

மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது கில்மோ அண்ணன் நாட்காட்டியின் முன்னால் நின்று நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குடா முட்டைய வச்ச?"

"சாயங்காலம் ஆறு."

"அன்னைக்கே ஒண்ணுன்னு போட்டிருக்க."

"வச்ச நாள் முதல் நாள்."

"ஒருநாள் முடிஞ்சாத்தானே ஒண்ணு? வச்ச உடனே முட்டைக்கு ஒரு வயசா?" சாப்பிடும் குச்சியால் என் நெஞ்சைக் குத்தினார். "போன வருஷம் ஒரு பக்கம் எழுதினியே. 'வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் ஒரு வயசு, புத்தாண்டு வந்தால் இரண்டு, இப்படிக் கணக்குப் போடும் நாடு நிலாவுக்குப் போகுமா'ன்னு. எங்க அப்பாகிட்டகூடப் படிச்சுக் காட்டினேன். அவர் கோவிச்சுக்கிட்டாரு."

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் ஒருநாள் பிசகு என்றால் ஒன்பதாம் தேதி பொரிந்திருக்க வேண்டும், அன்றைக்குப் பத்து. இதை எடுத்துச் சொல்லி, மண்வெட்டி கிடைத்ததும், கால் கழுவும் அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தேன். தேர்வு நடத்தாமல் புதைத்தால் சித்தி கேட்பார். அதற்காகத்தான்.

ஆறு முட்டைகளையும் ஒவ்வொன்றாக விட்டேன். ஆறும் மிதந்தன. அலை அடங்கும்வரை காத்திருந்தோம். முட்டைகள் முட்டைகளாகவே இருந்தன. கில்மோ அண்ணன் மென்பதை நிறுத்தியிருந்தார்.

தொட்டியின் விளிம்போரம் இருந்த முட்டை ஒருமுறை தலையசைத்தது.

"நீ கை வச்சியாடா?"

"இல்லண்ணே. நீங்க ஊதுனீங்களா?"

"மூச்சே விடலடா."

மறுபடி அசைந்தது. அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வளையம் எழுந்தது. பிறகு நடுவிலிருந்த ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, தூக்கத்தில் புரள்வதுபோல இன்னொன்று. மீதி மூன்று அசையவில்லை. முதல் முட்டையைத் துடைத்துக் காதில் வைத்தேன். உள்ளே யாரோ நகத்தால் கதவைச் சுரண்டினார்கள். அதோடு மெல்லிய குரல் ஒன்று, ஒரே ஒருமுறை.

ஆறையும் பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். தேறியவை மூன்று, மீதி மறுதேர்வுக்கு. வைக்கும்போது புறங்கைக்கு உறைத்த சூடு, கீழே விரல்களுக்கு உறைக்கவில்லை. வெப்பமானியை நான் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன், பார்க்க வசதியாக. முட்டைகள் கீழே. இருபத்து மூன்று நாளும் பல்பு சரியான வெப்பத்தில் இருந்திருக்கிறது. வெப்பமானியை முட்டைகளின் உயரத்துக்கு இறக்கினேன். முப்பத்தாறரை காட்டியது. கருவியை ஒரு கோடு ஏற்றினேன்.

வெளியே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தோம். சித்தி கோழிக்கூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலை ஒரு பக்கம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கதவு கழன்று கிடந்தது. பிடுங்கிய ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தி! பிரிக்காதீங்க!" கில்மோ அண்ணன் கத்தினார். "ஆடுது!"

"எது ஆடுது?"

"முட்டை! மூணு! சேவல் குரல்கூடக் கேட்டுச்சு!"

"முட்டைக்குள்ள சேவல் கூவுமாடா, மடையா!" என்று கீழிருந்து பதில் வந்தது. ஆனால் சுத்தியல் தரையில் விழுந்த சத்தமும் கேட்டது. கில்மோ அண்ணன் கிண்ணத்தோடு படியிறங்கி ஓடினார். கீழே கேள்விகளும் பதில்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பிறகு ஒருவர் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். குப்பைப் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன். இரண்டு துண்டு. பைன் கொத்துகள் காய்ந்து பாதி ஊசி உதிர்ந்திருந்தன. கரி ஒன்றுதான் இருந்தது. இடது காலணியை உதறினேன், ஒன்று விழுந்தது. வலதை உதறினேன். இரண்டையும் சட்டையில் துடைத்து, பழைய இடத்திலேயே செருகினேன்.

அறுந்த முனைகளைச் சேர்த்தால் வாசலுக்கு ஒரு சாண் போதவில்லை. அறை மூலையில் இருந்த பெர்சிமன் பழப் பெட்டியில் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திரித்தேன். வலது கை தன் பழக்கப்படி முன்னால் போய், சுத்தமான நெல் மூட்டைக் கயிறாக ஒரு விரல் நீளம் வந்தது. கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. பிரித்துவிட்டு, மறுபடி இடப்பக்கமாக முறுக்கினேன்.