கை மாறிய பட்டம்

அரங்கமே அழுதுகொண்டிருந்த நேரத்தில் மினேகிஷி மட்டும் குறிப்பேட்டில் ‘கை மாறிவிட்டது’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

நவம்பர் மாத ஞாயிறு பிற்பகல், கவாசாகி நகர அரங்கம். இருபத்து மூன்று நிமிடம் நீடித்த பட்டப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. நான்கு வருடமாகப் பட்டத்தை யாருக்கும் விட்டுத்தராத தொகாஷி மசுமி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயது ஹிகாசா நாமி இடுப்பில் பெல்ட்டோடு மேடை நடுவில் நின்றாள். நாலா பக்கமிருந்தும் வண்ணக் காகித நாடாக்கள் பறந்து வந்து அவள் தோளில் விழுந்தன.

பெண்கள் மல்யுத்தத்துக்கென்றே வெளிவரும் ஒரு வார இதழில் பத்தொன்பது வருடமாக எழுதுகிறவள் மினேகிஷி. பெரிய போட்டிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அவள் பொறுப்பு. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். அது அவளுக்கும் தெரியும், வாசகர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். அவள் கவனிப்பது வேறு. அடி விழுந்த இடத்தில் வலி தெரிகிறதா, ஐந்து நிமிடம் கழித்தும் அந்த வலியை ஆடுகிறவள் மறக்காமல் இருக்கிறாளா, கடைசிப் பிடிக்கு முதல் நிமிடத்திலிருந்தே வழி போட்டிருக்கிறார்களா. எங்காவது ஒரு தையல் பிரிந்தால் அரை மதிப்பெண் போய்விடும். அதனால் வீராங்கனைகள் மத்தியில் அவளுக்கு ‘அரை’ என்றே பெயர்.

இன்றைக்கு மொத்தத் துணியும் கிழிந்திருந்தது. தொகாஷி இடது தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். ஹிகாசா ஒன்பது நிமிடம் அந்த இடது கையைத்தான் முறுக்கினாள். பிறகு ஒரு கட்டத்தில் வலது கைக்குத் தாவினாள். தொகாஷியும் அந்தக் கணத்திலிருந்து வலது கையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். கடைசியில் தோற்றதும் அந்த வலது கையால்தான். வலித்த கை எங்கே போயிற்று?

“என்னம்மா அரை, உன் பேனா அழுவுதா, நீ அழுவுறியா?” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த குராமோச்சி. விளையாட்டு நாளிதழ்க்காரர். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஒம்பதரை போடப்போறேன். பத்தே போடலாம்.”

“எந்தக் கை சார் வலிச்சுது?”

“எது?”

“தொகாஷிக்கு. இடதா, வலதா?”

குராமோச்சி மேடையைப் பார்த்தார். “ஏதோ ஒரு கை. ஊரே அழுவுது, நீ கை எண்ணிட்டு இருக்கே.”

இந்த மனிதர் தொகாஷியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுவதாகக் கேள்வி. ஒன்பதரை அங்கிருந்து வருகிறதோ என்று மினேகிஷிக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

நடைபாதையில் பத்திரிகைக்காரர்கள் ஹிகாசாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எதைக் கேட்டாலும் “எல்லாருக்கும் நன்றி” என்ற ஒரே பதில். அடுத்த கேள்வி வருவதற்குள் தொகாஷி குறுக்கே புகுந்து தானே பேசினாள். தோற்றவள் ஜெயித்தவளுக்காகப் பேசி மினேகிஷி பார்த்ததில்லை.

“தொகாஷி, எந்தக் கைம்மா வலி?”

“ரெண்டும் என் கைதானேக்கா!” என்று தொகாஷி சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. ஆனால் சிரிக்கும்போதே அவள் ஹிகாசாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனதை மினேகிஷி பார்த்தாள்.

தேறாத பெண்ணுக்கு அவசரப்பட்டுப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள், பெரியவள் பூசி மெழுகுகிறாள் என்று ரயிலில் முடிவு கட்டினாள். ஐந்தரை. அதற்கு மேல் ஒரு பொட்டும் கிடையாது.

மறுநாள் காலை அலுவலகத்தில் போட்டியின் வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். ஐந்தரைக்குச் சாட்சி தேடித்தான் உட்கார்ந்தாள். ஒன்பதாவது நிமிடம் ஹிகாசா மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து மேடைக்கு வெளியே பாய்கிறாள். தொகாஷி விலகிக்கொள்ள, தடுப்புக் கம்பியில் ஹிகாசாவின் பின்மண்டை இடிக்கிறது. கூட்டத்தின் இரைச்சலில் நேற்று அந்தச் சத்தம் கேட்கவில்லை. இப்போது கேட்டது.

அவள் நாடாவைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். விழுந்த பிறகு ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் தொகாஷியின் வாய் ஹிகாசாவின் காதோரம் போகிறது. மேடையில் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது வழக்கம்தான். ஒவ்வொரு பிடிக்கும் சொல்வது வழக்கமில்லை. ஓரிடத்தில் ஹிகாசா இப்போதுதான் செய்த வீச்சையே திரும்பவும் செய்கிறாள். கூட்டம் அதை வெறி என்று நினைத்துக் கைதட்டுகிறது.

மினேகிஷி கேசட்டை நிறுத்திவிட்டு மேலங்கியை எடுத்தாள்.

பயிற்சிக்கூடம் ரயில் பாதையோரத்தில் ஒரு பழைய கிடங்கு. மதியச் சாப்பாட்டு நேரம். தொகாஷி வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டபடி இடது கையால் பெரிய பானையில் கோழியும் முட்டைக்கோசும் கிளறிக்கொண்டிருந்தாள். ஹிகாசா எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். சோறு தொடப்படவே இல்லை.

“பட்டத்துக்கு வாழ்த்து, ஹிகாசா.”

“நன்றிக்கா.”

“நேத்து ஜெயிச்ச உடனே உங்கம்மா மேடையேறி வந்து கட்டிப்பிடிச்சாங்களே, என்ன சொன்னாங்க?”

ஹிகாசா தொகாஷியைப் பார்த்தாள். தொகாஷி வாய் திறப்பதற்குள் அவளே, “நல்லாப் பண்ணேன்னு சொன்னாங்க” என்றாள்.

பானையில் கரண்டி நின்றது. ஹிகாசாவின் அம்மா நேற்று கவாசாகிக்கு வரவே இல்லை.

“வெளிய வா,” என்றாள் மினேகிஷி.

தொகாஷி வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். ஒரு ரயில் போய் முடிந்தது.

“கீழ விழுந்ததும் ‘நான் யாரோட ஆடுறேன்’னு கேட்டாக்கா. என்னையே கேட்டா. டாக்டர் எழுந்து வரப் பாத்தாரு. நான்தான் கையாட்டி வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நிறுத்தினா பெல்ட் என்கிட்டயே இருந்துடும். இவ முறை மறுபடி எப்ப வரும்? நானே அஞ்சு வருஷம் காத்திருந்தவதானே. அதான் ஒண்ணொண்ணாக் காதுல சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். இடதுன்னேன், அவ வலதைப் பிடிச்சா. சரி, வலதே வலிக்கட்டும்னு விட்டேன். அவளுக்குப் பலத்தோட அளவு தெரியல. கடைசியில நெசமாவே பிசகிடுச்சு.”

மினேகிஷி அவள் முகத்தையே பார்த்தாள். பதினாலு நிமிடம் நினைவு தப்பிய பெண்ணைக் கைப்பிடித்து நடத்திய கதை. பத்துக்குப் பத்து வாங்குகிற கதை. இதையும் தனக்கென்று தயாராக வைத்திருந்தாளோ? வலி நடிப்பதில் இந்த ஊரிலேயே கெட்டிக்காரி இவள்.

“நம்பலையா?” என்றாள் தொகாஷி.

“நீ சொல்றது எதையும் நான் நம்பல. அவ தலையைப் படம் எடுத்துப் பாக்கட்டும், அதை நம்புறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?”

“பட்டம் வாங்கினப்புறம் சனிக்கிழமை செண்டாய்ல அவளுக்கு முதல் ஆட்டம். டாக்டர் ஏதாவது எழுதினா பெல்ட்டைப் பிடுங்கிடுவாங்கக்கா. ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும். எங்களுக்கெல்லாம் எத்தனை தடவை—”

“சாப்பிட்டாளா காலையில?”

தொகாஷி இல்லையென்று தலையசைத்தாள்.

“வாந்தி?”

“ரெண்டு தடவை.”

மினேகிஷி தெருவுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினாள். “எங்க இதழ் நாளைக்கு அச்சுக்குப் போவுது. இப்பவே அவ வண்டியில ஏறலேன்னா நீ சொன்ன அத்தனையும் அதுல வரும். நல்லா யோசிச்சுக்க.”

தொகாஷி ஒரு நிமிடம் அவளை முறைத்தாள். பிறகு உள்ளே போய் ஹிகாசாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் வண்டியில் ஏறும்போது “செண்டாய்க்கா போறோம்?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும் தொகாஷியின் முகம் ஒடுங்கியது. அந்த முகத்தை மட்டும் மினேகிஷி அன்றைக்கு நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் மண்டைக்குள் ரத்தக் கசிவு தெரிந்தது. சின்னதுதான், ஆனால் சனிக்கிழமை இன்னொரு அடி விழுந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். போட்டிகளை நடத்தும் நிறுவனம் மறுநாளே காயத்தை அறிவித்து, பட்டத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக் காலியாக வைத்தது. கட்டிலில் கிடந்த ஹிகாசாவுக்குச் செய்தி எட்டியபோது அவள் மினேகிஷியைப் பார்த்து, “நீங்க எதுக்கு வந்தீங்க? யாரு கூப்பிட்டா உங்களை?” என்று கத்தினாள். தொகாஷி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு முந்தின இரவே, இதழ் அச்சுக்குப் போகுமுன், மினேகிஷி கட்டுரையைத் திருத்தியிருந்தாள். முதல் ஒன்பது நிமிடத்துக்கு ஏழு மதிப்பெண். அதன் பிறகு ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாத ஆட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று எழுதினாள். தொகாஷி மேடையில் ஹிகாசாவின் காதில் சொன்னதை எழுதவில்லை. கட்டிலில் கிடந்தவளுக்கு அது தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். அந்த மதிப்பெண்ணுக்காக அவளை ஏசி நூற்றுக்கும் மேல் கடிதம் வந்தது. குராமோச்சி தொலைபேசியில், “கல்நெஞ்சுக்காரி” என்று சொல்லிவிட்டு, பிறகு தணிந்த குரலில், “எனக்கு ஏன்மா தெரியாமப் போச்சு?” என்று கேட்டார்.

ஜூன் மாதம் மருத்துவர் அனுமதித்தார். சிபாவில் ஒரு சின்ன அரங்கில் அன்றைய முதல் ஆட்டத்துக்கு ஹிகாசா திரும்பினாள். ஆட்டம் தொடங்கும் முன் நடைபாதையில் மினேகிஷியின் முன்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று மினேகிஷி நினைத்தாள்.

“அந்தக் கேசட்டை நான் இன்னும் பாக்கலக்கா. பயமா இருக்கு. தொகாஷி அக்காவைக் கேட்டா பேச்சை மாத்துறாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “ஆட்டம் நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு,” என்றாள் மினேகிஷி. “ரொம்ப நல்லா இருந்துச்சு.”

ஹிகாசா நம்பவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்த முகத்தில் எங்காவது பொய் ஒட்டியிருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு போனாள்.