கருவாடு இல்லாத கூழ்

குழம்புத் தூக்கின் மூடியைத் திறந்ததுமே பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்க மாட்டார்களா பின்னே? விடிவதற்குள் எழுந்து, வாளைக் கருவாட்டை வெந்நீரில் போட்டு, மண் போகத் தேய்த்துக் கழுவி, மொச்சையும் கத்திரிக்காயும் சேர்த்து, இறக்கும் நேரத்தில் மாங்காய்த் துண்டு போட்டு வைத்த குழம்பு அது. அயனம்பாக்கத்தில் அவள் தெருவில் ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது, இன்றைக்குக் குழம்பு யார் கைப்பக்குவம் என்று விசாரித்துவிட்டுத்தான் சிலபேர் பாத்திரத்தையே நீட்டுவார்கள். சாமுண்டி என்று பதில் வந்தால் வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொரு சொம்பும் எடுத்துவருவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் திடீரென்று மரபின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்திருந்தது. போன வருஷம்வரை, வகுப்பில் வாய் தவறி ‘கீது’ என்று சொன்ன பிள்ளையை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவர்கள்தான். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மரபு வகுப்பு. மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம், மண்ணின் அறிவெல்லாம் பாடத்துக்குள் வரவேண்டும் என்று. அதற்கு முடிசூட்டுவிழாதான் இந்தச் சனிக்கிழமை, பாரம்பரிய தினம். வாசலில் வாழைமரம் கட்டி, ‘நம் மரபு நம் பெருமை’ என்று பேனர் போட்டு, கட்டத் தெரியாத அப்பாக்கள் ஒட்டிக்கொள்ளும் வேட்டியில் உலாத்த, மேசைக்கு மேசை தினை லட்டும் கம்பு பிஸ்கட்டும் கேழ்வரகில் செய்த சாக்லேட் கேக்கும் அலங்காரமாக உட்கார்ந்திருந்தன. கேக்குக்கு என்ன பாரம்பரியம் என்று சாமுண்டி கேட்கவில்லை. அடுத்தவர் மேசையில் நமக்கென்ன வேலை.

அவள் மேசை வந்ததே மகள் வர்ஷாவால்தான். ஆறாம் வகுப்பு. மரபு வகுப்பில், உங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று சுரேகா மிஸ் கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளும் தீபாவளி, பொங்கல் என்று சொல்லிக்கொண்டிருக்க, வர்ஷா எழுந்து ஆடிக் கூழைப் பற்றிப் பேசியிருக்கிறாள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைப்பது, நொய் வேகும்போது ஊற்றிக் கிளறுவது, வேப்பிலை செருகிய குண்டான்களைத் தலையில் சுமந்து தெருவே கோயிலுக்குப் போவது, பம்பைக்காரர் அடிக்கிற அடியில் அம்மாவுக்குச் சாமி வருவதுவரை ஒன்று விடவில்லை. வகுப்பே கைதட்டியதாம். அன்று சாயங்காலம் சுரேகா மிஸ் போன் செய்தாள். பாரம்பரிய தினத்துக்கு நீங்களே கூழ் காய்ச்சி எடுத்துவர வேண்டும், வர்ஷா மைக்கில் பேசுவாள் என்றாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைகளுக்கு நூல் பிசிறு பார்க்கிற வேலை சாமுண்டிக்கு. மெஷின் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு, "வரேன் மிஸ், அமர்க்களமா பண்ணிடலாம் மிஸ்" என்று கத்தினாள். குலுக்கலில் விழுந்த இலவச சீட்டில் மகளைச் சேர்த்த நாளிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் அவளைக் கூப்பிட்டதெல்லாம் ஏதாவது குறை சொல்லத்தான். முதல்முறையாக, உன்னிடம் இருப்பதைக் கொண்டுவா என்கிறார்கள்.

காலையில் குண்டானையும் தூக்கையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போதுதான் வர்ஷா தூக்கைப் பார்த்தாள். பாவாடை சட்டையும் பூவுமாக ஜோடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அம்மா, அது வாணாம்மா."

"ஏண்டி?"

"நாறும்மா."

சாமுண்டிக்குச் சுருக்கென்றது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உட்கார்ந்து, முள்ளைக்கூட விடாமல் சப்பிவிட்டு, இன்னொரு துண்டு போடும்மா என்று தட்டை நீட்டிய வாய் அது. நாறும் என்கிற சொல்லை அந்த வாய்க்குள் யார் வைத்தார்கள்? வழியெல்லாம் தூக்கை மடியைவிட்டு இறக்கவில்லை. கருவாட்டைத் தூக்கி எறிந்தால்கூடப் பரவாயில்லை, நாளைக்கு இந்தப் பெண் தன் தோழிகளுக்கு முன்னால் அம்மாவைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

இப்போது ஆடிட்டோரியத்தில், திரும்பிப் பார்த்தவர்கள் யாரும் தூக்கை நோக்கி வரவில்லை. பக்கத்து மேசை அம்மாள் தன் லட்டுத் தட்டை மெல்ல நகர்த்தி அந்தக் கோடிக்குக் கொண்டுபோனாள். எங்கிருந்தோ சுரேகா மிஸ் ஓடிவந்து, முதல் வேலையாக மூடியை எடுத்துத் தூக்கின் மேல் அழுத்தினாள்.

"என்னங்க இது?"

"கொழம்பு மிஸ்."

"கூழ்தானே கேட்டேன்!"

"ஆமா மிஸ், கூழுக்குத்தான் கொழம்பு."

சுரேகா மிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மேசையில் பள்ளிக்கூடமே அச்சடித்து வைத்த அட்டை ஒன்று நின்றது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து என்று வரிசையாகப் போட்டு, அடியில் ‘அம்மனுக்குப் படைக்கும் தூய சைவ உணவு’ என்று முடித்திருந்தார்கள். சாமுண்டி அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மேடை ஓரத்தில் வர்ஷா கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று போய்க் காது கொடுத்தால், அதே வரி. தூய சைவ உணவு.

"இத்த யார் எழுதிக் குட்தது மிஸ்?"

"நான்தான். அவ பேசினதையே கொஞ்சம் சரிபண்ணி எழுதினேன்."

"மிஸ், உங்களுக்கு எந்த ஊரு?"

"மாங்காடு."

"மாங்காட்ல உங்க தெருவுல கூழுக்கு இன்னா தொட்டுக்குவாங்க?"

சுரேகா மிஸ் தூக்கைப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தியபோது, பள்ளிக்கூடத்துத் தமிழ் அவளிடமிருந்து கழன்றுபோயிருந்தது.

"எங்க ஊட்லயும் இதான் சாமுண்டி. நெத்திலி போடுவாங்க. ஸ்கூலுக்கு அத்த எடுத்துனு வரக்கூடாதுன்னு தனியா சொல்லணுமா இன்னான்னு இருந்துட்டேன்."

"எடுத்துனு வருவேன்னு தனியா சொல்லணுமா இன்னான்னு நானும் இருந்துட்டேன்."

ஒரு கணம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு வெளியே வருவதற்குள் பிரின்சிபல் ஜெயப்பிரியா மேடம் பட்டுப்புடவை சரசரக்க வந்து நின்றுவிட்டார். சுரேகா மிஸ் சட்டென்று இரண்டடி தள்ளிப் போய்விட்டாள். அந்த இரண்டடிதான் சாமுண்டிக்கு எரிந்தது. மேடம் கத்தவில்லை, திட்டவில்லை. பெரிய மனுஷி. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"கூழ் இருக்கட்டும்மா, ரொம்ப நல்ல விஷயம். அந்தப் பாத்திரத்தை மட்டும் வெளியில வச்சிடுங்க. மத்த பேரன்ட்ஸ் ஃபீல் பண்றாங்க."

"கருவாடு இல்லாம கூழு கெடயாது மேடம்."

"நம்ம கலாச்சாரம்னா அதுல ஒரு தூய்மை இருக்கு இல்லையா? அம்மனுக்குப் படைக்கிறதோட இதைப் போய்..."

"அம்மனுக்குத்தான் மேடம் படைக்கிறோம். சாயங்காலம் கும்பம் போடுறப்ப சோத்தக் குமிச்சி, மேல இந்தக் கொழம்பத்தான் ஊத்துவோம். முருங்கக்கீரயும் முட்டயும் வேற வைப்போம். எங்க ஆத்தா சாப்டுது. உங்க ஸ்கூலு சாப்டாதா?"

மேடத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. "பாருங்கம்மா, ஃப்ரீ சீட்ல படிக்கிற பொண்ணு. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். இல்லன்னா மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. வர்ஷா பேசட்டும், அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல."

அடேயப்பா! கூழின் பேச்சு வேண்டுமாம், கூழ் வேண்டாமாம். கூழ் வேண்டுமாம், அதை ஊற்றுகிறவள் வேண்டாமாம். சாமுண்டிக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். சீட்டுப் போய்விடும், பெண்ணின் படிப்புப் போய்விடும் என்று எத்தனையோ முறை விழுங்கியிருக்கிறாள். புருஷன் நாகப்பன் காலையில்கூட, போனோமா வந்தோமா என்று இரு, வம்பு வளர்க்காதே என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினான். இன்றைக்கு விழுங்க முடியவில்லை. விழுங்கினால், மேடை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணும் விழுங்கக் கற்றுக்கொள்வாள். பள்ளிக்கூடம் சொல்லித்தரும் மற்ற பாடமெல்லாம் மறந்தாலும் அது மறக்காது.

"எட்த்துனு போறேன் மேடம். ஆனா கூழு ஊட்டுக்குத் திரும்பாது. ஊத்தறதுக்குன்னு தூக்கின குண்டான் ரொம்பின மாதிரியே ஊட்டுக்குள்ள வரக்கூடாது, அது எங்க வழக்கம்."

குண்டானை இடுப்பில் ஏற்றி, தூக்கை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு மேடை ஓரமாகப் போய் நின்றாள். வர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். காதுமடல் சிவந்திருந்தது. அவமானத்தாலா கோபத்தாலா, பெற்றவளுக்கே தெரியவில்லை.

"வர்ஷா, மிஸ் எய்தினதயே படிக்கிறியா, படி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பயந்துகினும் பேசாத, அவங்களுக்குப் பயந்துகினும் பேசாத. இன்னா?"

வர்ஷா நிமிரவில்லை. தாளைச் சுருட்டினாள், பிரித்தாள். சாமுண்டி கேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். கண் கலங்கியது உண்மைதான். அதை யாருக்கும் காட்டவில்லை.

கேட்டுக்கு வெளியே, பேனருக்கு நேர் கீழே, நிழல் பார்த்து குண்டானை இறக்கினாள். வாட்ச்மேன் ஏகாம்பரம் பதறிக்கொண்டு வந்தார்.

"எம்மா, இங்க வைக்கக்கூடாது. எனக்குத்தான் டோஸ் வுழும்."

"கேட்டுக்கு அந்தாண்டதானே ஸ்கூலு? இந்தாண்ட ரோடு யாருது அண்ணாத்தே?"

தூக்கின் மூடி மறுபடி திறந்தது. ஏகாம்பரம் ஒருமுறை கேட்டுக்கு உள்ளே பார்த்தார், ஒருமுறை குழம்பைப் பார்த்தார். "வாளயா?" என்றார். விறுவிறுவென்று தன் அறைக்குப் போய் டிபன் பாக்ஸைக் காலி செய்துகொண்டு வந்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா! பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். வகுப்பறை பெருக்கும் ஆயாக்கள் பின்வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, முந்தானைக்குள்ளிருந்து சொம்பை எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி கூழை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு "ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைத்தாள். ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டிய அப்பா ஒருவர் சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே வந்து, பேப்பர் கப்பில் வாங்கிக் குடித்துவிட்டு, "எங்க பாட்டி வூடு திருவேற்காடுதான்க்கா" என்று யாரும் கேட்காத தகவலைச் சொன்னார். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே பிள்ளைகளின் கைகள் நீண்டன. ஒருத்தி வாட்டர் பாட்டிலின் மூடியை நீட்டினாள். "அதுல எவ்ளோடி புடிக்கும், பாட்டிலயே குடு" என்று அதட்டி வாங்கி, கழுத்துவரை ஊற்றிக் கொடுத்தாள் சாமுண்டி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளும் உண்டு. ஓடட்டும்.

கை ஊற்றிக்கொண்டிருந்ததே தவிர, காது முழுக்க கேட்டின் மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியில்தான் இருந்தது. யாரோ ஒரு பையன் வேப்பிலையின் நன்மைகளை இங்கிலீஷில் ஒப்பித்து முடித்தான். கைதட்டினார்கள். அடுத்து ஆறாம் வகுப்பு வர்ஷா என்றது சுரேகா மிஸ்ஸின் குரல். சாமுண்டியின் கரண்டி குண்டானுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அனைவருக்கும் வணக்கம்" என்றாள் வர்ஷா. ஒப்பிக்கிற குரல். "கூழ் என்பது நம் பாரம்பரிய உணவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ளது. இது அம்மனுக்குப் படைக்கப்படும் தூய..."

நின்றது. ஒலிபெருக்கியில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறந்துவிட்டாளா? அழுகிறாளா? தாள் கசங்குவது இரைச்சலாகக் கேட்டது. சொல்லிவிடு கண்ணு, எதையாவது சொல்லிவிட்டு இறங்கிவிடு என்று சாமுண்டியின் மனசு அடித்துக்கொண்டது.

"எங்க ஊட்ல கூழுன்னா கருவாட்டுக் கொழம்பு இல்லாம ஊத்த மாட்டாங்க" என்றது ஒலிபெருக்கி. தெருக் குரல். வீட்டில் சண்டை போடுகிற குரல். "எங்கம்மாதான் வச்சிது. இப்ப கேட்டாண்ட ஊத்திக்கினு கீது. காத்தால நான்கூட நாறும்னு சொல்லிட்டேன். நாறல, எனக்குப் புடிக்கும். எங்க சாமிக்கும்..."

டப்பென்று ஒரு சத்தம். மைக்கை அணைத்துவிட்டார்கள். கேட்டருகே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அமைதிக்குள், ஆடிட்டோரியத்தின் திறந்த ஜன்னல் வழியாக, மைதானத்தைத் தாண்டி, மைக் இல்லாமலே, மெல்லியதாக அதே குரல் வந்துகொண்டிருந்தது. சொற்கள் புரியவில்லை. ஏறியும் இறங்கியும், ஒருதரம் உடைந்தும், திரும்பவும் ஏறியும், அது மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் போய், சாமுண்டி உள்ளே போவதற்காக, இறுகிக் கிடந்த பெரிய கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தார்.