மேட்டு வீட்டுக்காரர் பேசிய பேச்சு

அந்தமானில் டெலானிபூர் மேட்டில் குடியிருந்த குமாஸ்தா பன்னீர்செல்வத்துக்குப் பேச எழுந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். அறுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்குப் போர்ட் பிளேர் தமிழர்கள் பட்டிமன்றம் வைத்தார்கள். வானத்தில் அணுகுண்டு வைப்பதில்லை என்று வல்லரசுகள் கையெழுத்துப் போட்டிருந்த சமயம். ‘விண்வெளியில் ராணுவம் இருக்கலாமா?’ என்பது தலைப்பு. கூடாது என்ற கட்சிக்கு அவர்தான் தலைவர்.

எதிர்க்கட்சியில் காண்டிராக்டர் ஜெகநாதன். லேசுப்பட்ட ஆளில்லை.

“உயரத்தைப் பிடிச்சவன்தான் ஜெயிப்பான். நாம பிடிக்கலேன்னா எதிராளி பிடிப்பான். ஆயுதம் அது பாட்டுக்கு மேலே சுத்துது. நாமளா யார் தலையிலயும் போடறோம்?”

பன்னீர்செல்வம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“மேலே இருக்கறவன் நல்லவனாவே இருக்கட்டும் ஐயா. அதை நம்பித்தான் கீழே இருக்கறவன் தினம் சோறு திங்கணுமா? மேலேயிருந்து எது வந்தாலும் அவன் தலையிலதானே விழும்? அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கொட்டகை அதிர்ந்தது. அப்போதுதான் முன்வரிசையில் விசாலாட்சி கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார்.

விசாலாட்சி அவர் வீட்டுக்கு நேர் கீழே, சரிவில் இருப்பவள். கைதிகள் காலத்திலிருந்தே தீவில் வாழும் குடும்பம்; பேச்சில் இந்தி கலக்கும், அண்ணன் என்பதற்கு ‘பாய்’ என்பாள். போன வருஷம் இந்த மகாப் பேச்சாளர் கொல்லையிலிருந்த சாக்கடைக் குழியை மூடி, அதன்மேல் கோழிக்கூடு கட்டினார். அன்றிலிருந்து குளித்த தண்ணீரும் கழுவின தண்ணீரும் சரிவில் இறங்கி அவள் கிணற்றில் ஊறின. அவள் வந்து கெஞ்சினாள். “நானா ஊத்தறேன்? பள்ளத்துக்குத் தண்ணி தானா ஓடுது. காய்ச்சிக் குடிங்கம்மா” என்று திருப்பி அனுப்பியவர் சாட்சாத் இவரேதான்.

மிச்சப் பேச்சை எப்படி முடித்தாரோ, அவருக்கே தெரியாது. எவர்சில்வர் குடம் பரிசு. வாங்கும்போது கை கூசியது.

வெளியே விசாலாட்சி ஓடி வந்தாள். “அரே வாஹ், பன்னீர் பாய்! என்னமா பேசினீங்க! கீழே இருக்கறவங்களுக்காக யாரு பேசறாங்க? எங்க வீட்டுல ஒரு சாய் குடிச்சுட்டுத்தான் போகணும்.”

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். கள்ளமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. குடத்தை இடுக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

உள்ளே அவள் பேத்தி பூங்கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சாய் வந்தது. பன்னீர்செல்வம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாலாட்சிக்குப் புரிந்துவிட்டது.

“டரோ மத் பாய், பயப்படாம குடிங்க. கிணத்துத் தண்ணி இல்ல. பாப்பாவுக்குன்னு காலையில ரோட்டுக் குழாய்ல வரிசை நின்னு பிடிச்சது.”

ஐயோ என்றிருந்தது அவருக்கு. வைத்துவிட்டு எழுந்தால் அவளுக்கு அவமானம். குடித்தால் குழந்தையின் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடத்தைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. சீ, இதை வைத்து அந்தக் கிணற்றிலா மொள்ளச் சொல்வது!

வீட்டுக்கு ஏறியவர் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். “நல்ல நாளும் அதுவுமா என்ன கூத்து இது?” என்று மனைவி அலமு கத்தினாள். கோழிகள் நாலா பக்கமும் பறந்தன.

“பன்னீர் பாய்!” கீழேயிருந்து விசாலாட்சியின் குரல். “தனியா ஏன் கஷ்டப்படறீங்க? கை கொடுக்க நான் வரட்டுமா?”

கீழே பார்க்க முடியாமல் அவர் கோழிக்கூட்டை இடித்துக்கொண்டேயிருந்தார்.