வாய் திறக்காத சபை

தம்மசிரி தேரருக்குக் காலையிலிருந்தே பயம். பிக்குகள் விகாரையை விட்டு நகராமல் தங்கும் மழைக்கால வாசம் முடியும் பௌர்ணமி அன்று. விகாரையின் ஐந்து பிக்குகளும் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். “என்னிடம் குற்றம் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ இரக்கத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்” என்று ஒவ்வொருவரும் சபையிடம் மூன்று முறை கேட்க வேண்டும். தலைமைத் தேரரான அவர்தான் முதலில்.

வருடா வருடம் அவர் இதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்காருவார். யாரும் எதுவும் சொன்னதில்லை. தான் அப்பழுக்கில்லாதவர் என்றுதான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பாவம்.

இந்த வருடம் ரத்தனஜோதி இருந்தார், பாங்கு வேலையை உதறிவிட்டுத் துறவுக்கு வந்தவர். போன மாதம் பிரித் என்னும் காப்புச் சூத்திர ஓதலுக்கு ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தபோது, “ஹாமுதுருவனே, பக்கத்து வீட்டு சோமாவதி அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்கலாமா?” என்று, மரியாதையாக ‘ஹாமுதுருவனே’ போட்டுத்தான், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். தேரர் சிரித்து மழுப்பினார். பிறகு சாமான் அறைக்குள் கூப்பிட்டு, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. விளக்குக்கு எண்ணெய் எடுக்க வந்த கிழட்டு பிக்கு சீலானந்தர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

பிக்கு பிக்குவை அடிப்பது குற்றம். அதை ஊருக்கெல்லாம் போதித்துப் பேர் வாங்கியவர் தேரர். இன்று அது வெளியே வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

குந்தி உட்கார்ந்து கைகூப்பினார். மூன்று முறை கேட்டு முடித்தார். சபையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

தப்பித்தோம் என்று நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த ரத்தனஜோதி சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் தோளைக் குறுக்கினார்கள். அவர்கள் மேல் தேரர் ஒருநாளும் கை வைத்ததில்லை.

தூக்கிய கை அப்படியே நின்றது. இத்தனை வருடமும் இந்தச் சபை ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் இருந்த பயம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுபடியும் கைகூப்பினார்.

“மூணு தரம் ஆச்சே, ஹாமுதுருவனே. எண்ணிக்கை மறந்துபோச்சா?” என்றார் சீலானந்தர்.

“இல்ல. நான் ரத்தனஜோதியை அடிச்சேன். நீங்களும் பாத்தீங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்குறேன். வேற ஏதும் இருந்தா சொல்லுங்க.”

ரத்தனஜோதி கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணு இருக்கு, ஹாமுதுருவனே. ஸ்பீக்கர் இன்னும் சோமாவதி அம்மா ஜன்னலைப் பாத்துத்தான் இருக்கு.”