இல்லாத பிரேக்

என் கணவர் பஸ் டிரைவர். மலைப்பாதையில் அசராமல் ஓட்டுகிற மனிதர், பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டால் மட்டும் எழுந்து ஓடிவிடுவார். இந்த முறை டாக்டரம்மா, பயம் தணிய ஒரு மாத்திரையை முன்கூட்டியே விழுங்கச் சொன்னார். சொத்தைப் பல்லைப் பிடுங்கும்போதும் அரைத்தூக்கத்தில் சாதுவாக வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"இன்னைக்கு அவர் வண்டியைத் தொடக்கூடாது, நீங்கதான் ஓட்டணும்" என்றார் டாக்டரம்மா.

நான் கார் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பது அவர் வழக்கம். அன்று வீடு வரை அந்தக் கால் அசையவே இல்லை.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்து விசாரித்தார்.

"அவருக்கு வலி போயே போச்சு டாக்டரம்மா, நீங்க நல்லா இருக்கணும்! அப்படியே அந்த மாத்திரை இன்னொண்ணு கிடைக்குமா? ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்கு நான்தான் ஓட்டப்போறேன்."