நூற்று நாற்பதுக்கு ஒரு பேரம்

பிள்ளைக்கு நூற்று நாற்பது என்று விலை வைத்திருந்தார் டாக்டரம்மா. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை அதற்குள் நின்றால் நல்லது. தாண்டிவிட்டுக் கவனிக்காமல் இருந்தால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அளவு மீறிப் பெருத்துவிடும், பிரசவத்தில் தோள் சிக்கும். ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். டைல்ஸ் கடை வைத்திருந்த அவள் கணவன் காதில் நூற்று நாற்பது மட்டும்தான் ஏறியது.

வந்தது நூற்று அறுபத்தெட்டு.

"ஏம்மா, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று லேப் பெண்ணிடம் குழைந்தான்.

"மெஷின் சொல்றது சார் இது."

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு மனைவிக்குப் பழக்கம். ஓரம் உடைந்த டைல்ஸைப் புது டிசைன் என்று ஒருத்தன் தலையில் கட்டும்போது வருகிற சிரிப்பு.

"எங்க வம்சத்துலயே சர்க்கரை கிடையாது," என்றான் படியிறங்கும்போது. ரத்தம் கொடுத்துப் பார்க்கப் பயந்தவர்கள் கூட்டத்துக்கு அவன் வீட்டில் வம்சம் என்று பெயர். "ஒரே கடையில வெல கேட்டுட்டு எவனாவது வாங்குவானா? நாலு எடம் பாப்போம்."

இரண்டாவது லேபில் நூற்று ஐம்பத்து நான்கு. "பாத்தியா, எறங்குது," என்றான், எதிராளி படிந்து வருகிற மாதிரி.

மூன்றாவது லேபில் நல்ல கூட்டம். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், அவன் அதை வாங்கிப் பாதியை மடக்மடக்கென்று குடித்தான். "இவ்வளவு தித்திப்ப நீ ஒருத்தியே எப்படிக் குடிப்ப?"

பெஞ்சில் பக்கத்திலிருந்த அம்மாள் உருகிப்போனாள். "குடுத்து வச்சவ நீ."

நூற்றுப் பத்து. அவள் வாயைத் திறக்கவில்லை. பேரம் பேசுகிறவனை மூச்சு முட்டப் பேசவிட வேண்டும் என்பது அவள் அப்பாவின் மளிகைக் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அது மட்டுமில்லை. அன்று ஒரு பொழுது அந்த நூற்றுப் பத்தை அவளும் நம்பிப் பார்த்தாள், நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளே பிள்ளை காலை நீட்டிப் புரண்டபோதுதான், இவனுக்குப் பொருத்தமான ஜோடிதான் நான் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா மேஜையில் மூன்று ரிப்போர்ட்டையும் கொட்டேஷன் மாதிரி பரப்பினான். "சராசரி போட்டா நூத்தி நாப்பத்தி நாலுதான் டாக்டர் வருது. ஒரு நாலுக்காக ஊசி, பத்தியம்னு எதுக்கு? நீங்க நாலு விடுங்க, நாங்களும் பாத்து நடந்துக்கறோம்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "மூணுல ஒண்ணு ரொம்பக் கம்மியா இருக்கே. குளுக்கோஸ் முழுசாக் குடிச்சியாம்மா?"

கணவனின் முழங்கால் மேஜைக்கடியில் அவள் முழங்காலை இடித்தது.

"பாதி இவர் குடிச்சாரு டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அலமாரியில் பல்லியைப் பார்த்த மாதிரி அவனைப் பார்த்தார் டாக்டரம்மா. நூற்று அறுபத்தெட்டை எடுத்துக்கொண்டு, நூற்றுப் பத்தை அவன் பக்கம் தள்ளினார். "இத நீங்க ஃப்ரேம் போட்டு மாட்டிக்கங்க."

"மானத்த வாங்கிட்டியேடி, நாலு பேர் முன்னாடி," என்றான் வராந்தாவில்.

"உள்ள டாக்டர் ஒருத்தர்தாங்க இருந்தாங்க."

அதற்குப் பிறகு சாப்பாடு அளந்து நடந்தது. சாப்பிட்டதும் மொட்டை மாடியில் நடந்தாள். வேளாவேளைக்கு விரலைக் குத்தி, ஒரு சொட்டைச் சின்ன மெஷினின் பட்டையில் வைத்துச் சர்க்கரை பார்த்தாள். இரண்டு வாரம் போய் ஒரு மத்தியானம், மெஷின் நூற்றுப் பதினாறு காட்டியது. இந்தத் தடவை யாரும் பங்கு போடாத நூற்றுப் பதினாறு.

எட்டிப் பார்த்தவன் உடனே அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். "கொறச்சுட்டோம்மா. ஆமா, நாமதான். விடுவோமா?"

பிரசவத்துக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல்களை விட்டுவிட்டால் எட்டு. எட்டின் நுனியிலும் கறுப்புப் புள்ளிகள். போனைப் பிடித்திருந்த அவன் கையில் ஐந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்த கையில் ஐந்து. பத்தும் சுத்தம்.