ஆரஞ்சு ஜெல் யாருக்குப் போகும்

ஓட்டத்தின் நடுவே தெம்புக்காகச் சாப்பிடும் ஜெல்லின் தெம்பு ஓடுகிறவருக்குக் கிடைக்காது. வேறு யாருக்காவது போய்ச் சேரும். கோயம்புத்தூரில் மாரத்தான் ஓடுகிற எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். அதனால் கடையில் யாரும் "எது நல்லதுங்க?" என்று கேட்பதில்லை. "எது யாருக்குப் போகுங்க?" என்றுதான் கேட்பார்கள்.

பரிமளம் கேட்டபோது கடைக்காரர், "அது ஆளுக்கு ஆள் மாறுங்க. சாப்பிட்டுத்தான் பாக்கோணும்," என்று சொல்லி, மூன்று ருசியில் ஜெல் பாக்கெட்டுகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

பரிமளத்துக்கு நூற்பாலையில் பரிசோதனைக் கூடத்து வேலை. நூலை இழுத்துப் பார்த்து, எங்கே அறுகிறது என்று எழுதிவைப்பாள். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் நம்ப மாட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று புருஷன் நாச்சிமுத்து சொன்னால்கூட இன்னும் இரண்டு பேரிடம் கேட்கிற ஜாதி. அப்பேர்ப்பட்டவளுக்குப் போன இரண்டு மாரத்தானிலும் முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் கால் நின்றுபோய்விட்டது. மூன்றாவது தடவையும் அதே இடத்தில் நிற்கிறவர் அங்கேயே குடியேறிவிட வேண்டும். அதுதான் விதி. ஏற்கெனவே பதினோரு குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

நாச்சிமுத்து முன்கூட்டியே போய் வீடு பார்த்துவிட்டு வந்துவிட்டான். "காத்தோட்டமாத்தான் இருக்குது புள்ள. தண்ணிதான் உப்பு," என்றான்.

பரிமளம் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நாய் படாத பாடுபட்டுக் கட்டிய வீடு. குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர் வரும். அதை விட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் போய் வாழ்வதா? அன்று முழுக்க அழுதாள். மறுநாள் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு சோதனையை ஆரம்பித்தாள்.

காபி ஜெல் முதல் தடவை மேல்வீட்டுக்காரருக்குப் போனது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினார். இரண்டாவது தடவை அது அவருடைய மாமியாருக்குப் போனது. மூன்றாவது தடவை யாருக்குப் போனதென்றே தெரியவில்லை. ஒரே கம்பெனி, ஒரே ருசி, ஒரே நேரம். நூலாக இருந்தால் இப்படிச் செய்யுமா? பரிமளம் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு அந்தக் கேள்விக்குறி எதற்கு என்றும் அவளுக்கே குழம்பிவிட்டது.

மாம்பழ ஜெல் சாப்பிட்ட அன்றைக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, மாம்பழம் சாப்பிட்டது நீங்கதானுங்களா? பொள்ளாச்சியிலிருந்து சென்னியப்பன் பேசறேனுங்க. மூணு தென்னை ஏறி எறங்கிப்போட்டேன், இன்னும் தெம்பு தீரலீங்க. மதியம் சாப்பிடலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"சாப்பிடுங்க," என்றாள் பரிமளம். மூன்று தடவையும் அவரேதான் பேசினார். மூன்றாவது தடவை, ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஆரஞ்சு மட்டும்தான் சொன்ன சொல் மாறாமல் மூன்று தடவையும் கட்டிய துணைக்குப் போனது. அவள் ஓடிக்கொண்டிருக்க, நாச்சிமுத்து வீட்டில் மெத்தைகளையெல்லாம் தூக்கி வெயிலில் போட்டான். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூளையில் பொறி தட்டியது.

"ஏனுங்க, ஆரஞ்சை நீங்க சாப்பிட்டா எனக்குத்தானே வரோணும்?"

"வராம எங்க போகுது!" என்றான் நாச்சிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஓட்டம். சரியாக ஒன்பதேகாலுக்கு நாச்சிமுத்து வீட்டில் ஜெல்லைச் சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. முப்பதாவது கிலோமீட்டரில் பரிமளத்துக்குக் கால் கல்லாகிவிட்டது. ஒன்பதேகால் ஆனது. தெம்பும் வந்தது. ஆனால் வலது காலுக்கு மட்டும் வந்தது.

அதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. ஒன்பது மணிக்குச் சென்னியப்பன் ஒரு மூட்டைத் தேங்காயோடு வீட்டுக்கு வந்துவிட்டார். விருந்தாளியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு தான் மட்டும் வாயில் போட்டுக்கொள்வது கொங்கு நாட்டில் நடக்கிற காரியமா? நாச்சிமுத்து பாக்கெட்டைப் பிரித்து, பாதியைக் கிண்ணத்தில் பிதுக்கி, கரண்டி போட்டு நீட்டியிருக்கிறான். சென்னியப்பனும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு பரிமளம் முப்பத்து மூன்றைத் தாண்டினாள். தூரத்தில் அந்தப் பதினோரு குடும்பத்தாரும் வாசலில் நின்று, வா வா என்று கையசைப்பது தெரிந்தது. ஒருத்தி பால் காய்ச்ச அடுப்பே பற்றவைத்துவிட்டாள். 

அப்போது பக்கத்தில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் தோசைக் கரண்டி. அவளுக்கு இடது கால் மட்டும்தான் ஓடியது.

"நான் சென்னியப்பன் சம்சாரம், தெய்வாத்தாள்ங்க. பொள்ளாச்சியில கெளம்பிப் பத்து நிமிசந்தான் ஆச்சு. அடுப்புல கல்லு காயுது. எங்க போறோமுங்க?"

"நேராப் போறோம். கையைக் குடுங்க."

கையைக் கோத்ததும் இருவருக்கும் சேர்த்து ஒரு முழு ஆள் தெம்பு வந்துவிட்டது. முப்பத்து நான்கைத் தாண்டும்போது பரிமளம் வாய்விட்டுக் கத்தினாள். நின்றுவிடவில்லை. வாசலில் நின்றவர்கள் பாலை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஓட்டத்துக்குக் கொடுத்த நேரம் முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது எல்லைக் கோட்டைத் தொட்டார்கள். மேஜையிலிருந்த அதிகாரி இருவரின் கால்களையும் பார்த்துவிட்டு, "ஒரு வலது, ஒரு இடது. ஒரு ஆள்," என்று எழுதி ஒரு பதக்கம் கொடுத்தார். முகவரிக் கட்டத்தில் இரண்டு வீட்டையும் எழுதிக்கொண்டார்.

"அப்ப யாருங்க எந்த வீட்டுக்குப் போறது?" என்று பரிமளம் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒரே ஆள்தானேம்மா. எப்படிப் போனாலும் சரிதான்."

பஸ் நிறுத்தத்தில் முதலில் பொள்ளாச்சி பஸ்தான் வந்தது. தெய்வாத்தாள், "சிறுவாணித் தண்ணி ரொம்ப நல்லா இருக்குமாமே," என்று சொல்லிக்கொண்டே டவுன் பஸ் பக்கம் நடந்தாள். பரிமளம் சிறிது நேரம் நின்று பார்த்தாள்.  கண்டக்டர் விசில் ஊதியதும் ஏறிக்கொண்டாள்.

பொள்ளாச்சியில் கதவைத் திறந்த பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். "ஏம்மா இவ்வளவு நேரம்? கல்லு காஞ்சு கெடக்குது," என்றாள்.

"பஸ்ஸுல கூட்டம், கண்ணு," என்று சொல்லிவிட்டுப் பரிமளம் தோசை ஊற்றப் போனாள்.